அருங்காட்சியகத்திற்கு ஒரு கல்விச் சுற்றுலா: புனே நகரம் தரும் பாடம்

ஆண்டு இறுதி நெருங்கும்போது நம் நாட்டின் பள்ளிகள் பலவற்றில் கல்விச் சுற்றுலா பற்றிய அறிவிப்புப் பலகைகள் எழுதப்படுகின்றன. பேருந்து ஏற்பாடு செய்யப்படுகிறது. மாணவர்களிடமிருந்து பணம் திரட்டப்படுகிறது. பெற்றோரின் ஒப்புதல் கடிதங்கள் பெறப்படுகின்றன. குறித்த நாளில் அறுபது எழுபது மாணவர்கள் ஓர் அருங்காட்சியகத்தின் வாயிலில் வந்து இறங்குகின்றனர். வரிசையாக உள்ளே சென்று, ஒரு கூடத்திலிருந்து மறு கூடத்திற்கு வேகமாக நடந்து, முக்கால் மணி நேரத்தில் பின் வாயில் வழியே வெளியேறுகின்றனர். மறுநாள் வகுப்பில், "அங்கு என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "பழைய பொருள்கள் பார்த்தோம்" என்பதே பெரும்பாலோரின் விடையாக அமைகிறது.

செலவு செய்யப்பட்டது, ஒரு வேலை நாள் கழிந்தது, ஆனால் கல்வி நிகழ்ந்ததா என்பது ஐயத்திற்குரியது. இக்குறைக்கு மாணவர்களின் ஆர்வமின்மையைக் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. அருங்காட்சியகத்தின் மீது பழி சுமத்துவதும் முறையாகாது. ஒரு கல்விச் சுற்றுலாவின் வெற்றியும் தோல்வியும் பேருந்து புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்யப்பட்டு விடுகின்றன. அதை முடிவு செய்வது திட்டமிடல் ஒன்றே. இவ்வுண்மையை மகாராஷ்டிர மாநிலத்தின் புனே நகரிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுவோம்.

ஒரு குழந்தையின் பெயரால் ஓர் அருங்காட்சியகம்

புனே நகரின் பழைய பகுதியில், பாஜிராவ் சாலையை ஒட்டி அமைந்துள்ளது ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம். இதன் பெயரில் உள்ள 'ராஜா' என்ற சொல்லைக் கண்டு, இஃது ஓர் அரசரின் கருவூலம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அதுவன்று. இதனை நிறுவிய தினகர் கங்காதர் கேல்கரின் மகனுக்குப் பெயர் ராஜா. அக்குழந்தை சிறு வயதிலேயே இறந்து விட்டது. அந்த மகனின் நினைவாகவே தந்தை தம் வாழ்நாள் சேகரிப்பு முழுவதையும் அமைத்தார்.

1896-ஆம் ஆண்டில் பிறந்த கேல்கர், 'அஞ்ஞாதவாசி' என்ற புனைபெயரில் மராத்தியில் கவிதை எழுதியவர். நாட்டின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்து, அன்றாட வாழ்வில் மக்கள் கையாண்ட பொருள்களைப் பல பத்தாண்டுகளாக அவர் திரட்டினார். அவருடைய துணைவியார் கமலாபாய் இப்பணியில் உறுதுணையாக நின்றார். எண்ணெய் விளக்குகள், பாக்குவெட்டிகள், சமையற்கலங்கள், மைக்கூடுகள், செதுக்கு வேலைப்பாடமைந்த கதவுகள், இசைக்கருவிகள் என அவர் சேர்த்தவற்றின் பட்டியல் நீண்டது. பேஷ்வா முதலாம் பாஜிராவின் வாழ்வோடு தொடர்புடைய மஸ்தானியின் மாளிகை கோத்ரூட் பகுதியில் சிதைந்து கிடந்தபோது, அதன் எஞ்சிய பகுதிகளைக் கொணர்ந்து அருங்காட்சியகத்திற்குள்ளேயே ஒரு கூடமாக அமைத்ததும் அவரது முயற்சியே. 1975-ஆம் ஆண்டில் தம் சேகரிப்பை அவர் மகாராஷ்டிர அரசுக்கு வழங்கினார். 1990-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

வாளும் மகுடமும் அன்றி, வீட்டுக் கூடத்திலும் அடுக்களையிலும் புழங்கிய பொருள்களே இங்குப் பெரும்பான்மையாக உள்ளன. அவற்றைச் செய்த கொல்லர், கன்னார், தச்சர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. அவற்றை நாள்தோறும் கையாண்ட பெண்களின் பெயர்களும் அவ்வாறே. வரலாற்று நூல்களில் இடம் பெறாத மக்களின் வரலாறு இப்பொருள்களில் பொதிந்துள்ளது. ஆகவே, பள்ளி மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஒரு குழந்தையின் நினைவாக எழுந்த இக்கூடங்களை, குழந்தைகள் கண்ணெடுத்தும் பாராமல் கடந்து செல்வார்களாயின், அது பெரும் இழப்பேயாகும்.

ஒரு சிறு கணக்கு

இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஏறத்தாழ 20,000 பொருள்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 2,500 பொருள்கள் மட்டுமே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. ஒரு பள்ளிக் குழுவினர் இங்கு இரண்டு மணி நேரம் செலவிடுவதாகக் கொள்வோம். இரண்டு மணி நேரம் என்பது 7,200 விநாடிகள். 2,500 பொருள்களையும் பார்த்து விட வேண்டும் என்று முனைந்தால், ஒவ்வொரு பொருளுக்கும் கிட்டும் நேரம் மூன்று விநாடிகளுக்கும் குறைவு. நடக்கும் நேரத்தைக் கழித்தால் அதுவும் இல்லை.

இக்கணக்கு ஒன்றே போதும். 'எல்லாவற்றையும் பார்ப்பது' என்னும் நோக்கம் கைவிடப்பட வேண்டியது என்பது தெளிவாகும். 20,000 பொருள்களில் 2,500-ஐத் தேர்ந்தெடுத்து வைப்பது காப்பாட்சியரின் பணி. அந்த 2,500-இல் எட்டு அல்லது பத்துப் பொருள்களைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் பணி. இரண்டாவது தேர்வு நடைபெறாதவரை முதல் தேர்வினால் மாணவருக்குப் பயன் இல்லை.

ஒரே கேள்வி

தேர்வு செய்வது எவ்வாறு? முதலில் ஒரு கேள்வியை வரையறுத்துக் கொள்ள வேண்டும். 'பழங்கால வாழ்க்கையை அறிதல்' என்பது போன்ற பரந்த நோக்கங்கள் எந்த வழிகாட்டுதலையும் தருவதில்லை. பாடத்திட்டத்தில் அப்போது நடந்து கொண்டிருக்கும் ஒரு பாடத்திலிருந்து கேள்வி பிறக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு எளிய இயந்திரங்கள் பற்றிய அறிவு உண்டு. கேல்கர் அருங்காட்சியகத்தின் பாக்குவெட்டிகள் இப்பாடத்தின் உயிருள்ள விளக்கங்கள். பல்வேறு உருவங்களில் வார்க்கப்பட்ட அவை ஒவ்வொன்றும் இரண்டாம் வகை நெம்புகோலே. ஒரு முனையிலுள்ள கீல் ஆதாரப் புள்ளி. நடுவில் வைக்கப்படும் பாக்கு பளு. மறு முனையில் கை தரும் விசை திறன். கீலிலிருந்து பாக்கு 3 செ.மீ. தொலைவிலும் கை 15 செ.மீ. தொலைவிலும் இருந்தால், கை தரும் விசை பாக்கின் மீது ஏறத்தாழ ஐந்து மடங்காகச் செயற்படும். "கடினமான பாக்கு எளிதில் வெட்டுப்படுவது ஏன்? பிடியின் நீளம் ஏன் வேறுபடுகிறது?" என்ற கேள்வியோடு உள்ளே செல்லும் மாணவன் பாக்குவெட்டியின் அழகையும் காண்பான், அதன் பின்னுள்ள அறிவியலையும் காண்பான்.

அவ்வாறே, "மின்சாரம் வருவதற்கு முன் வீட்டில் ஒளி எவ்வாறு கிடைத்தது?" என்பது மற்றொரு நல்ல கேள்வி. விளக்குகளின் முன் நின்று, எண்ணெய் எங்கு நிரப்பப்பட்டது, திரி எங்கு இருந்தது, தொங்கவிடப்படும் விளக்குக்கும் தரையில் வைக்கப்படும் விளக்குக்கும் வடிவத்தில் என்ன வேறுபாடு என்று மாணவர் ஆராயலாம். திரியின் இழைகளுக்கிடையே எண்ணெய் மேலேறுவது நுண்புழை ஏற்றத்தினால் என்பதை வகுப்பில் பின்னர் சோதனை செய்து காட்டலாம். இசைக்கருவிகளைக் கொண்டு ஒலியியல் பாடத்தைத் தொடங்கலாம். கதவுகளின் வேலைப்பாட்டைக் கொண்டு கணிதத்தில் சமச்சீர்மையை விளக்கலாம்.

இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். நான்கையும் ஒரே நாளில் நடத்த முற்பட்டால் மீண்டும் மூன்று விநாடிக் கணக்கிற்கே வந்து சேர்வோம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கேள்வி உறுதியான பின்னரே இடம் உறுதியாக வேண்டும். புனே நகரில் அருங்காட்சியகங்கள் பல. பண்டைய வேளாண் குடியிருப்புகளைப் பற்றிய பாடமாயின், தக்காணக் கல்லூரியின் தொல்லியல் அருங்காட்சியகமே ஏற்றது. புனே மாவட்டத்தின் இனாம்காவ் என்னும் சிற்றூரில் அக்கல்லூரி 1968-ஆம் ஆண்டு முதல் பல பருவங்களாக நடத்திய அகழாய்வில் செப்புக் கற்காலக் குடியிருப்பு ஒன்று முழுமையாக வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த, நான்கு கால்களையுடைய ஈமத்தாழி புகழ் பெற்றது.

விடுதலைப் போராட்டம் பற்றிய பாடமாயின் ஆகாகான் மாளிகைக்குச் செல்லலாம். 1942 ஆகஸ்ட் மாதத்தில் காந்தியடிகள் அங்குச் சிறை வைக்கப்பட்டார். அம்மாதம் 15-ஆம் நாள் அவருடைய செயலர் மகாதேவ தேசாய் அங்கேயே உயிர் நீத்தார். 1944 பிப்ரவரி 22-ஆம் நாள் கஸ்தூரிபா அங்கேயே மறைந்தார். இருவருடைய சமாதிகளும் அம்மாளிகையின் வளாகத்தில் உள்ளன. அங்குப் பொருள்களைவிட இடமே பாடம் கற்பிக்கிறது.

புகழ் பெற்ற இடம் என்பதற்காக ஓரிடத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு. தொலைவு மற்றொரு அளவுகோல். ஐந்து மணி நேரம் பயணம் செய்து ஒரு மணி நேரம் பார்க்கும் சுற்றுலாவைவிட, அரை மணி நேரப் பயணத்தில் இரண்டு மணி நேரம் பார்க்கும் சுற்றுலா மேலானது.

ஆசிரியரின் முன்பயணம்

மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர் அதற்கு முன் ஒரு முறையேனும் தனியே அங்குச் சென்று வருதல் இன்றியமையாதது. அருங்காட்சியக அலுவலரைச் சந்தித்து, குழுவின் எண்ணிக்கை, வகுப்பு, கேள்வி ஆகியவற்றைத் தெரிவித்து நாளையும் நேரத்தையும் உறுதி செய்து கொள்ள வேண்டும். விடுமுறை நாள், கட்டணச் சலுகை, புகைப்படம் எடுக்கும் விதிகள் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். நினைத்து வந்த கூடம் பராமரிப்புக்காக மூடப்பட்டிருப்பதை அன்று காலையில் வாயிலில் நின்று அறிந்து கொள்ளும் நிலை வரலாகாது.

கூடங்களில் நடந்து பார்த்து, மாணவர் நிற்கக் கூடிய இடங்களை வரைபடத்தில் குறித்துக் கொள்ளலாம். கேல்கர் அருங்காட்சியகம் பழைய பாணிக் கட்டடம். மாடிகளும் சிறு அறைகளும் கொண்டது. பத்துப் பேர் ஓர் பேழையைச் சூழ்ந்து நின்றால் பதினோராவது மாணவனுக்கு அது தெரியாது. பேழையின் உயரம் குழந்தையின் கண் மட்டத்திற்கு ஏற்றதா என்பதையும் பார்க்க வேண்டும். குடிநீர், கழிவறை, பைகளை வைக்கும் இடம், உணவருந்தும் இடம், பேருந்து நிற்கும் இடம் ஆகியன குறிப்பேட்டில் இடம் பெற வேண்டும். மாடி ஏற இயலாத மாணவர் எவரேனும் வகுப்பில் இருப்பின், அவரும் பங்கு கொள்ளும் வகையில் தரைத்தளத்துப் பொருள்களையே அனைவருக்கும் தேர்ந்தெடுப்பது ஒரு வழி.

வகுப்பறையில் தொடங்கும் பயணம்

சுற்றுலாவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வகுப்பில் ஆயத்தம் தொடங்க வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம், "நீங்கள் சிறு வயதில் பயன்படுத்தி, இன்று வீட்டில் இல்லாத பொருள் எது?" என்று கேட்டு வரலாம். அம்மி, உரல், அரிக்கேன் விளக்கு, வெற்றிலைப் பெட்டி என விடைகள் வந்து குவியும். கரும்பலகையில் அவற்றை எழுதி, எதற்குப் பயன்பட்டது, எதனால் செய்யப்பட்டது, ஏன் மறைந்தது என்று வகைப்படுத்தினால், மாணவர் அப்போதே பாதி வழி வந்து விட்டனர் எனலாம்.

அருங்காட்சியகத்தின் விதிகளையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். 'தொடாதே' என்று மட்டும் சொன்னால் கை தானே நீளும். விரலில் உள்ள வியர்வையும் எண்ணெய்ப் பசையும் உலோகத்தின் மீது படிந்து காலப்போக்கில் அரிப்பை உண்டாக்கும் என்று விளக்கினால், மாணவனே அடுத்தவனைத் தடுப்பான். துணிகளும் ஓவியங்களும் உள்ள கூடங்கள் ஏன் மங்கலாக உள்ளன என்பதையும் கூறலாம். ஒளியினால் சாயம் வெளுக்கிறது. அச்சேதம் ஒருநாளும் மீளாது. சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும். பொதுச் சொத்தைப் பேணும் குடிமைப் பண்பு இவ்வாறே வேரூன்றுகிறது.

நாளின் நிரல்

நாற்பது மாணவர் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக் கொள்வோம். பத்துப் பேர் வீதம் நான்கு குழுக்களாக அவர்களைப் பிரிக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஆசிரியர் போதாவிடின் பெற்றோரின் உதவியை நாடலாம். அவர்களுக்கும் கேள்வித்தாளை முன்கூட்டியே வழங்கி விளக்க வேண்டும்.

வந்தவுடன் முற்றத்தில் 15 நிமிடம் அறிமுகம். பின்னர் நான்கு கூடங்களில் குழுவுக்கு ஒன்றாக 20 நிமிடம் இருந்து, சுழற்சி முறையில் மாறுதல். இதற்கு 80 நிமிடம். எஞ்சிய 25 நிமிடம் மாணவரின் விருப்பத்திற்கு விடப்படும். ஆக மொத்தம் இரண்டு மணி நேரம். இறுதியில் தரப்படும் இந்தச் சுதந்திர நேரம் வீண் என்று கருதலாகாது. நூலாசிரியரோ ஆசிரியரோ குறிப்பிடாத ஒரு பொருளின் முன் ஒரு குழந்தை தானே நின்று விடுமாயின், அதுவே அன்றைய நாளின் சிறந்த பயனாக அமையக் கூடும்.

ஒவ்வொரு கூடத்திலும் இரண்டு பொருள்கள் போதும். முதல் மூன்று நிமிடம் யாரும் பேசாமல் பொருளைப் பார்க்க வேண்டும். பெயர்ப் பலகையைப் படிக்கக் கூடாது. பின்னர் மாணவர் தாம் கண்டதைச் சொல்ல, அதன் பிறகு பலகையைப் படிக்கலாம். கேள்வித்தாளில் பலகையைப் பார்த்து எழுதக் கூடிய கேள்விகளைத் தவிர்க்க வேண்டும். 'இது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது?' என்ற கேள்வி, கண்ணைப் பொருளிலிருந்து பலகைக்குத் திருப்பி விடுகிறது. 'இப்பொருளில் அதிகமாகத் தேய்ந்துள்ள பகுதி எது? ஏன்?' என்ற கேள்வி, கண்ணைப் பொருளிலேயே நிறுத்துகிறது. 'இதைச் செய்தவர் யார்? பயன்படுத்தியவர் யார்? இது யாருடைய வீட்டில் இருந்திருக்காது?' என்ற கேள்விகள் சமுதாய வரலாற்றுக்கு வாயில் திறக்கின்றன. ஒரு பொருளையேனும் பென்சிலால் வரையச் செய்ய வேண்டும். ஓவியம் அழகாக இருக்க வேண்டிய தேவை இல்லை. வரைவதற்காகப் பார்ப்பவன், பார்ப்பதற்காக மட்டும் பார்ப்பவனைவிடக் கூடுதலாகக் காண்கிறான்.

பாதுகாப்பு

திட்டமிடலின் மிக முக்கியமான பகுதி பாதுகாப்பு. 2016 பிப்ரவரி 1-ஆம் நாள், புனேயிலிருந்து ராய்கட் மாவட்டத்து முருட் கடற்கரைக்குச் சுற்றுலா சென்ற கல்லூரி மாணவ மாணவியர் 14 பேர் கடலில் மூழ்கி இறந்தனர். 2024 ஜனவரி 18-ஆம் நாள், குஜராத்தின் வடோதராவில் பள்ளிச் சுற்றுலாப் படகு ஏரியில் கவிழ்ந்து 12 மாணவரும் 2 ஆசிரியரும் உயிரிழந்தனர். அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் படகில் ஏற்றப்பட்டதும், அனைவருக்கும் உயிர்காப்புச் சட்டை தரப்படாததும் அங்குப் பெரும் குறைகளாகச் சுட்டப்பட்டன.

அருங்காட்சியகச் சுற்றுலாவில் கடலும் ஏரியும் இல்லை. எனினும் சாலை உண்டு. புனேயின் பழைய பேட்டைகளில் போக்குவரத்து நெரிசல் மிகுதி. மாணவர் சாலையைக் கடக்கத் தேவையில்லாத பக்கத்தில் பேருந்து நிற்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் கூடம் மாறும்போதும் தலை எண்ணுதல் கட்டாயம். பெயர்ப் பட்டியல், பெற்றோரின் தொலைபேசி எண், ஒவ்வாமை அல்லது தொடர் மருந்து தேவைப்படும் மாணவர் பற்றிய குறிப்பு, முதலுதவிப் பெட்டி ஆகியன பொறுப்பாசிரியரிடம் இருத்தல் வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இல்லாத எந்த இடத்திற்கும் 'போகிற வழிதானே' என்று திரும்புதல் கூடாது. விபத்துக்கு இடம் தருவது பெரும்பாலும் இத்தகைய திட்டமிடாத திருப்பங்களே.

எவரும் விடுபடலாகாது

ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருக்க, பணம் கட்டிய முப்பது பேர் மட்டும் சுற்றுலா செல்வதும், எஞ்சிய பத்துப் பேர் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பதும் பல இடங்களில் காணும் நிலை. இதனை ஒரு சிறு நிருவாகச் சிக்கல் என்று ஒதுக்கி விட முடியாது. கற்பதற்கான வாய்ப்பு வீட்டின் வருவாயைப் பொறுத்ததாகி விடுகிறது. 1848-ஆம் ஆண்டில் இதே புனே நகரின் பிடே வாடாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். சிலருக்கு மட்டும் உரியதாக இருந்த கல்வியைப் பிறருக்கும் திறந்து விட்டனர். அந்நகரின் அருங்காட்சியகத்தைக் காணச் செல்லும் பேருந்தில் ஏழைக் குழந்தைக்கு இடம் இல்லை என்பது பெரும் முரண்பாடு.

இதற்கு வழி உண்டு. தொலைதூரச் சுற்றுலாவைக் கைவிட்டு அருகிலுள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தால் செலவு பெருமளவு குறையும். நகரப் பேருந்தில் செல்லலாம். பள்ளியின் நிதியிலிருந்தோ, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவோ இயலாதோரின் பங்கை, பெயர் வெளியிடாமல் ஈடு செய்யலாம். சமக்ர சிக்ஷா திட்டத்தின் ராஷ்டிரீய ஆவிஷ்கார் அபியான் பகுதியில் மாணவரின் கல்விப் பயணங்களுக்கு இடம் உண்டு. ஆண்டுத் திட்டம் தயாரிக்கும் காலத்திலேயே கோரிக்கையைச் சேர்த்து விடுவது மாவட்ட அலுவலரின் கடமை. பயணத்தை, எல்லா மாணவரும் செல்ல இயலும்படி வகுத்தல் வேண்டும். இயலாவிடின் வகுத்த திட்டத்தையே மாற்ற வேண்டும்.

திரும்பிய பின்

பேருந்து திரும்பியவுடன் பலர் பணி முடிந்ததாகக் கருதுகின்றனர். உண்மையில் அங்கேதான் பாடம் நிலைபெறத் தொடங்குகிறது. மறுநாளே ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்க வேண்டும். நான்கு குழுக்களும் தாம் கண்டதை மற்றவர்க்கு விளக்கலாம். வழக்கமான கட்டுரைக்கு மாற்றாக, வகுப்பறையிலேயே ஒரு சிறு அருங்காட்சியகம் அமைக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டு வருவர். விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அருங்காட்சியகங்களில் உள்ளது போன்ற பதிவேடு ஒன்றைத் தொடங்கி, வரிசை எண், பொருளின் பெயர், செய்யப்பட்ட பொருள், அளவு, கிடைத்த இடம், தந்தவர், பயன் ஆகிய விவரங்களை எழுதச் செய்யலாம்.

இப்பயிற்சியின் பயன் பெரிது. சாதாரண வீட்டின் உடைந்த பாக்குவெட்டியும் பதிவேட்டில் எண் பெறத் தகுதியுடையது என்பதை மாணவன் உணர்கிறான். கேல்கர் தம் வாழ்நாள் முழுவதும் செய்தது இதுவே. தன் பாட்டியின் கைப்பொருள் வரலாற்றின் ஒரு பகுதி என்று கண்ட மாணவனுக்கு, வரலாறு இனி அரசர்களின் பட்டியலாகத் தோன்றாது.

அலுவலர் ஆற்ற வேண்டியன

ஆசிரியரின் முயற்சி மட்டும் போதாது. நிருவாகத்தின் துணையும் வேண்டும். எல்லாப் பள்ளிகளும் டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே திரண்டால் எந்த அருங்காட்சியகமும் தாங்காது. வட்டார அளவில் ஆண்டு நாட்காட்டி ஒன்றைத் தயாரித்து, ஜூன் முதல் மார்ச் வரை பள்ளிகளைப் பகிர்ந்து அமைக்கலாம். ஆசிரியர்களுக்கு அருங்காட்சியகத்திலேயே ஒரு நாள் பயிற்சி தரலாம். நகருக்கு வர இயலாத சிற்றூர்ப் பள்ளிகளுக்கு, பொருள்களின் படிவங்களும் படங்களும் அடங்கிய பெட்டிகளைச் சுற்றுக்கு விடலாம். மும்பையின் சத்திரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயம் 2015-ஆம் ஆண்டில் ஒரு பேருந்தையே நடமாடும் அருங்காட்சியகமாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. மாணவர் அருங்காட்சியகத்திற்குச் செல்ல இயலாதபோது அருங்காட்சியகம் மாணவரிடம் செல்லலாம் என்பதற்கு இது சான்று.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் புத்தகப் பை இல்லாத பத்து நாள்களுக்கு வழி வகுத்துள்ளது. அவற்றை நடத்துவதற்கான வழிகாட்டு நெறிகளைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அந்நாள்களுள் ஒன்றேனும் முறையாகத் திட்டமிடப்பட்ட அருங்காட்சியக நாளாக அமையுமாயின் நற்பயன் விளையும்.

இவ்வாய்ப்பு புனே நகருக்கு மட்டும் உரியதன்று. 1851-ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகமும், மாவட்ட அருங்காட்சியகங்களும், 2023 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகமும் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. கீழடியில் ஒரு பானை ஓட்டின் மீது கீறப்பட்ட எழுத்துகளின் முன் ஒரு மாணவி பத்து நிமிடம் நின்று, ஓர் எழுத்தையேனும் தன் குறிப்பேட்டில் வரைந்து வருவாளாயின், ஆயிரம் பொருள்களைக் கடந்து சென்றதைவிட அது மேலானது.

மறைந்த ஒரு மகனின் நினைவாக ஒரு தந்தை திரட்டிய பொருள்கள் புனேயில் காத்திருக்கின்றன. அவற்றைப் போன்ற செல்வங்கள் நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ளன. அவற்றின் முன் நம் குழந்தைகள் மூன்று விநாடி நிற்பார்களா, பத்து நிமிடம் நிற்பார்களா என்பது, பயணத்துக்கு முந்தைய வாரத்தில் ஆசிரியர் ஒரு தாளில் எழுதும் திட்டத்தைப் பொறுத்தது. அந்தத் தாளுக்கு உரிய நேரத்தையும் துணையையும் அளிப்பது நம் அனைவரின் பொறுப்பு.